உப்பைக் கழுவும் நெல்

செப்டம்பர் மாத நடுவில் ஒரு காலை நேரம். தெற்கு பிரான்சில் ஆர்ல் என்ற ஊரின் ஆற்றுப் பாலத்தில் மிதிவண்டிகள் ஒன்றிரண்டாக ஏறி இறங்குகின்றன. சக்கரத்துக்கு இருபுறமும் பைகள், பின்னால் சுருட்டிக் கட்டிய கூடாரம், கைப்பிடிக்கு முன்னால் மழைத்தாள் சுற்றிய வரைபடம். ஓட்டுபவர்களின் முகமும் முழங்கையும் வெயிலில் கறுத்திருக்கின்றன. ஜெனீவா ஏரிக்கரையில் புறப்பட்டு, ரோன் ஆற்றின் கூடவே பத்துப் பதினைந்து நாளாக மிதித்து வந்தவர்கள் இவர்கள். அந்தப் பாதைக்கு 'வியாரோனா' என்று பெயர். ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை 815 கிலோமீட்டர். இன்று கடைசி நாள். மாலைக்குள் கடலைப் பார்த்துவிடலாம்.

இதுவரை வந்த வழியில் காட்சிக்குப் பஞ்சமில்லை. மலை, பள்ளத்தாக்கு, லியோன் நகரம், சரிவெல்லாம் திராட்சை, பாதாமி தோப்பு, அணை, அணுமின் நிலையம், அவிஞ்யோன் கோட்டை என்று நாளுக்கொரு மாதிரி இருந்தது. கடைசி நாளில் எதுவுமே இல்லை போலத் தோன்றும். ஒரே மட்டமான தரை, நேரான சாலை, இருபுறமும் வாய்க்கால், பெரிய வானம். "போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை" என்று வேகமாக மிதித்துக் கடந்து போகிறவர்களும் உண்டு. விவசாயம் தெரிந்தவர் யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்தால் அவர்தான் முதலில் வண்டியை நிறுத்துவார். ஏனென்றால் அந்த வாய்க்காலுக்கு அப்பால் நிற்பது நெல். கதிர் முற்றிச் சாய்ந்த, அறுவடைக்குக் காத்திருக்கும் நெல்.

பிரான்சில் நெல்லா என்று வியப்பவர்கள் நிறைய. கோதுமை, திராட்சை, பாலாடைக்கட்டி என்றுதான் அந்த நாட்டைப் பற்றிப் படித்திருப்போம். அங்கே ஓரளவு பரப்பில் நெல் விளைவது இந்த ஒரு டெல்டாவிலும் இதன் ஓரங்களிலும்தான். டெல்டாவின் பெயர் கமார்க்.

ஆர்லுக்குச் சற்று மேலே ரோன் இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே போவது பெரிய ரோன், மேற்கே போவது சின்ன ரோன். தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு பெரிய ரோனில்தான் போகிறது. இரண்டுக்கும் கடலுக்கும் நடுவில் அகப்பட்ட முக்கோண நிலம்தான் கமார்க்கின் நடுப்பகுதி. ஆற்று வண்டல் கொண்டு வந்து போட்ட மண். பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். நடுவில் வக்காரஸ் என்ற உவர்நீர் ஏரி. பரப்பு சுமார் 6,500 ஹெக்டேர், ஆழமோ இரண்டு மீட்டருக்குள்.

கடலுக்குப் போக ஆற்றின் இரு கரையிலும் வழி உண்டு. இங்கே சொல்வது மேற்குக் கரை வழி. ஆர்லிலிருந்து பாலம் கடந்து, டி36 என்ற சாலையைப் பிடித்தால் லெ சம்பூக் என்ற சிற்றூர், பிறகு சலான் தெ ஜிரோ என்ற உப்பள ஊர். அதுவரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் போர் சேன் லூயி. வேடிக்கை என்னவென்றால், இந்த 40 கிலோமீட்டர் மிதித்தாலும் ஆர்ல் ஊராட்சி எல்லையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். பரப்பளவில் ஐரோப்பியப் பகுதி பிரான்சிலேயே மிகப் பெரிய உள்ளாட்சி அதுதான், சுமார் 760 சதுர கிலோமீட்டர். மக்களோ ஐம்பதாயிரம் பேர் அளவில். மீதியெல்லாம் வயலும் சதுப்பும் உப்பளமும்.

முதுகில் தள்ளும் காற்று

பாலம் இறங்கியதும் வண்டி தானாக ஓடுவது போல் இருந்தால், அது காற்றின் வேலை. வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாகக் குழாயில் ஊதினாற்போல் வரும் அந்தக் காற்றுக்கு மிஸ்த்ரால் என்று பெயர். வீசத் தொடங்கினால் நாள்கணக்கில் வீசும். குளிர்ந்த, வறண்ட காற்று. 1888 பிப்ரவரியில் ஆர்லுக்கு வந்து குடியிருந்து படம் வரைந்த ஓவியர் வான்கா, இந்தக் காற்றுக்காகவே தன் ஓவியச் சட்டத்தைத் தரையில் முளையடித்துக் கட்ட வேண்டியிருந்தது. தெற்கே போகும் மிதிவண்டிக்கு இது வரம். நெல்லுக்கு அப்படிச் சொல்ல முடியாது. விதைத்த புதிதில் பலமாக வீசினால் தண்ணீர் அலையடித்து முளையை ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். கதிர் முற்றிய பிறகு வீசினால் பயிர் சாயும், மணி உதிரும்.

பண்ணை வீடுகளைப் பார்த்தாலே காற்றின் திசை தெரிந்துவிடும். வடக்குச் சுவரில் சன்னல் இருக்காது, இருந்தால் சிறியதாக இருக்கும். வடக்கே வரிசையாக சைப்ரஸ் மரங்கள். மாடு மேய்ப்பவர்களின் பழைய குடிசைகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. நாணல் வேய்ந்த கூரை, வெள்ளையடித்த சுவர், வடக்குப் புறம் மட்டும் படகின் முனை போல வட்டமாக இருக்கும். காற்று மோதாமல் வழுக்கிப் போய்விடும். வாசல் தெற்கே. எந்தக் கட்டடக்கலைக் கல்லூரியிலும் படித்து வந்த யோசனை அல்ல.

அந்த மேய்ப்பர்களின் மாடுகளும் சாலையோரம் தென்படும். கறுத்த, சிறிய உடல், மேல் நோக்கி வளைந்த கொம்பு. அவற்றை மேய்ப்பது வெள்ளைக் குதிரையில் ஏறிக்கொண்டு. மாட்டின் கொம்பில் கட்டிய நூலையும் துணிமுடிச்சையும் ஓடிப் பறிக்கும் விளையாட்டு இங்கே உண்டு. மாடு சாவதில்லை, நல்ல மாட்டுக்கு வீரரைவிடப் பெயர் அதிகம். நெல்லுக்கு உதவாத உவர் நிலத்தில்தான் இவை மேய்கின்றன. உமரியும் சதுப்புப் புல்லும் தின்று வளர்ந்த இந்த மாட்டின் இறைச்சிக்கு 1996இலேயே ஊர்ப் பெயரோடு கூடிய தரச் சான்று கிடைத்தது. பலரும் பயனில்லை என்று ஒதுக்கும் நிலத்துக்கு இப்படி ஒரு விலை கண்டுபிடித்தது சாமர்த்தியம்தான்.

ஏன் அங்கே நெல்?

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் வயலுக்கு நடுவில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் தெரியும். அருகில் போய்க் கையால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. இதுதான் கமார்க்கின் முழுக் கதையும்.

இந்த வண்டல் கடல் மேல் படிந்தது. சில அடி தோண்டினாலே நிலத்தடி நீர், அதுவும் உப்பு நீர். ஆண்டு மழை 600 மில்லிமீட்டருக்கும் குறைவு. வெயிலும் மிஸ்த்ராலும் சேர்ந்து ஆவியாக்கும் தண்ணீரோ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல மண் கீழேயிருந்து உப்பு நீரை இழுக்கும், தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு மேலே தங்கும். கோடைக்கு ஒரு படலம். டெல்டாவின் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு காலத்தில் வெள்ளம் இந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்தது. 1840இலும் 1856இலும் வந்த பெருவெள்ளங்கள் ஊரையும் உயிரையும் அழித்தன. அதன் பிறகு ஆற்றுக்கு இருபுறமும் உயரமாகக் கரை கட்டினார்கள். 1850களின் இறுதியில் கடற்கரையோரமும் ஒரு நீண்ட அணைகரை எழுப்பினார்கள். ஆறும் வராது, கடலும் வராது. நிம்மதி என்று நினைத்தார்கள். ஆனால் நல்ல தண்ணீரும் வராமல் போனதால் உப்பு ஏறிக்கொண்டே போனது. வெள்ளத்துக்கு வைத்தியம் பார்த்ததில் வந்த பக்க விளைவு இது.

அதற்கு நடுவில் இன்னொரு திருப்பம். திராட்சையின் வேரைத் தின்னும் ஒரு பேன் அமெரிக்காவிலிருந்து செடிகளோடு வந்து சேர்ந்தது. 1860களில் ரோன் ஆற்றுக்குப் பக்கத்துத் தோட்டங்களில் முதன்முதல் தெரிந்து, சில பத்தாண்டுகளில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பட்டுப்போகச் செய்தது. மருந்துகள் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. குளிர்காலத்தில் நாற்பது நாள் போலத் தோட்டத்தைத் தண்ணீரில் மூழ்கடித்தால் பேன் செத்தது. மட்டமான நிலமும் பக்கத்திலேயே ஆறும் கமார்க்கில்தான் இருந்தன. நீராவி எந்திரம் வைத்து ரோன் தண்ணீரை இறைத்துத் தோட்டங்களை நிரப்பினார்கள். திராட்சைக்காக வெட்டிய வாய்க்கால்களும் இறைப்பு நிலையங்களும்தான் பிற்பாடு நெல்லுக்கு உதவின. அந்த வாய்க்கால்களை ஊரார் 'ரூபின்' என்கிறார்கள். சாலையோரம் கூடவே வருவது அவைதான்.

நெல்லைச் சோற்றுக்காகப் பயிரிடும் நாடல்ல அது. நிலத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஐந்து பத்து சென்டிமீட்டர் நல்ல தண்ணீர் நிற்க வேண்டும். அது கீழே இறங்கி உப்பை அழுத்தித் தள்ள வேண்டும், வடிகாலில் வெளியேற வேண்டும். அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டே விளைந்து காசு தரும் பயிர் ஒன்று வேண்டும். அதற்கு நெல்லைத் தவிர வேறு இல்லை. ஓரிரண்டு வருடம் நெல், பிறகு கோதுமை, சில இடங்களில் குதிரைமசால் அல்லது சூரியகாந்தி. கோதுமை இருக்கும் வருடங்களில் உப்பு மெல்ல மேலே ஏறும். ஏறியதும் மறுபடி நெல். பயிர்ச் சுழற்சி என்றால் சத்துக்காகவும் பூச்சிக்காகவும் என்றுதான் நாம் பேசுவோம். அங்கே சுழற்சி உப்புக்காக.

இதற்கு ஆகும் தண்ணீர் கொஞ்சமல்ல. ஹெக்டேருக்கு 20 ஆயிரம் கன மீட்டருக்கு மேல் இறைக்கிறார்கள். அதில் ஒரு பகுதி வடிகால் வழியாக வக்காரஸ் ஏரிக்குப் போகிறது. ஏரி அளவுக்கு மீறி உப்பாகிவிடாமல் இருப்பதற்கு இந்த வடிநீரும் ஒரு காரணம். அதே வடிநீரில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் கலந்து போகிறது என்பது சுற்றுச்சூழல்காரர்களின் புகார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதனால்தான் அந்தச் சண்டை முடியவே இல்லை.

சாகுபடி முறை

வடக்கு அட்சம் 43 பாகைக்கு மேல் இருக்கும் இடம் என்பதால் ஒரே போகம். வயலை லேசர் கருவி கொண்டு மட்டப்படுத்துகிறார்கள். நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது. ஊறவைத்த விதையைத் தண்ணீர் நிறுத்திய வயலில் டிராக்டரில் கட்டிய தூவும் கருவியால் விதைக்கிறார்கள். ஐந்து மாதப் பயிர். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை அறுவடை எந்திரங்கள் ஓடும். விளைச்சல் ஹெக்டேருக்கு ஐந்து ஆறு டன், அதாவது ஏக்கருக்கு இரண்டு டன்னுக்குச் சற்று மேல். முதல் அறுவடையை ஒட்டி ஆர்லில் நெல் திருவிழாவும் நடக்கும்.

தொல்லைகள் கேட்டால் பழகியவையாகவே இருக்கும். தண்டு துளைப்பான் உண்டு. குதிரைவாலிப் புல் உண்டு. நெல்லோடு நெல்லாக வளர்ந்து, முன்னதாக முற்றி உதிரும் காட்டு நெல் உண்டு. நேரடி விதைப்பில் களையும் பயிரும் ஒன்றாக முளைக்கும் என்பதால் களைதான் பெரிய எதிரி. ஐரோப்பாவில் களைக்கொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டு வருவதால் கையில் இருக்கும் ஆயுதமும் குறைகிறது. இயற்கை முறையில் செய்கிறவர்கள் சிலர் விதைப்புக்கு முன் தண்ணீர் விட்டுக் களையை முளைக்க வைத்து உழுது அழிக்கிறார்கள், குதிரைமசாலோடு சுழற்சி செய்கிறார்கள். ஜப்பானியர் பாணியில் வாத்துக் குஞ்சுகளை வயலில் இறக்கிவிட்டவர்களும் உண்டு. வாத்து களையைத் தின்னும், மிதித்து மண்ணைக் கலக்கும், எச்சமும் உரம். கடைசியில் வாத்தையும் விற்கலாம்.

நமக்குப் பழகாத தொல்லை ஒன்றும் இருக்கிறது. பூநாரை. வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்துப் பார்க்க வரும் அதே இளஞ்சிவப்புப் பறவை. விதைத்த புதிதில், இரவில் கூட்டமாக வயலில் இறங்கும். விதையைத் தின்பது ஒரு பங்கு நட்டம், காலால் மிதித்துச் சேற்றைக் கலக்கி முளையைப் புதைப்பது அதைவிடப் பெரிய நட்டம். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால் தொடக்கூடாது. விவசாயிகள் வெடிச்சத்தம் எழுப்பும் கருவி வைத்து, விளக்கு எடுத்துக்கொண்டு இரவெல்லாம் வரப்பில் நடக்கிறார்கள். லெ சம்பூக் அருகே தூர் து வலா என்ற ஈரநில ஆய்வு நிலையம் இருக்கிறது. லூக் ஹாஃப்மன் என்ற சுவிஸ் பறவை ஆய்வாளர் 1954இல் தொடங்கியது. இந்தப் பிரச்சினையை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயம் கவனித்தார்கள். உயரமான மரவேலி சூழ்ந்த சின்ன வயலில் பூநாரை இறங்கத் தயங்கும், திறந்த வெளியாகக் கிடக்கும் பெரிய வயலைத்தான் தேடும். எந்திரம் சுலபமாகத் திரும்பட்டும் என்று வேலி மரங்களை வெட்டி வயல்களை ஒன்றாக்கியதும் பூநாரை வயலுக்குள் வர ஒரு காரணமாகிவிட்டது.

லெ சம்பூக்கில் சாலையோரம் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும் மிதிவண்டிக்காரர்களை ஒரு விஷயம் விடாது. கொசு. நெல் வயலும் சதுப்பும் இருக்கும் இடத்தில் வேறு என்ன இருக்கும்? காற்று நின்ற மாலையில் கூடாரம் அடிக்கலாம் என்று திட்டம் போட்டவர்கள் அந்தத் திட்டத்தை இங்கேயே மாற்றிக்கொள்கிறார்கள்.

யார் சொல்லிக் கொடுத்தது

லெ சம்பூக்கைத் தாண்டி இன்னும் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டரில் சலான் தெ ஜிரோ. தெற்கு பிரான்சில் கல் வீடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஊர் விசித்திரமாக இருக்கும். வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள், ஒரே அளவு, ஒரே மாதிரித் தோட்டம். வடக்கே உள்ள சுரங்க ஊர்களின் அமைப்பு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உப்பள நிறுவனமும் சோடா உப்புத் தொழிற்சாலையும் தங்கள் தொழிலாளர்களுக்காகக் கட்டியவை. இத்தாலியர், கிரேக்கர், ஆர்மீனியர் என்று பல நாட்டார் வந்து உப்பு வாரிய ஊர்.

இந்த ஊரில் 2014 அக்டோபரில் ஒரு நினைவுச் சின்னம் திறந்து வைத்தார்கள். வியட்நாம் தொழிலாளர்களுக்கானது. மிதிவண்டியில் வருபவர்களில் பாதிப் பேர் பார்க்காமல் போய்விடுவார்கள். நெல் வயல்களை ரசித்து வந்தவர்கள் இங்கே இறங்கித்தான் ஆக வேண்டும்.

1939இல் போர் தொடங்கியதும் பிரான்சு அரசு தன் ஆட்சியிலிருந்த இந்தோசீனாவிலிருந்து சுமார் 20 ஆயிரம் பேரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்தது. சிலர் விரும்பி வந்தார்கள். பெரும்பாலோர் கட்டாயத்தில் வந்த ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். துப்பாக்கி மருந்து ஆலைகளில் வேலை செய்யத்தான் அழைத்து வந்தார்கள். 1940 ஜூனில் பிரான்சு தோற்றது. கடல் வழி அடைபட்டது. ஊர் திரும்ப முடியாமல் முகாம்களில் கிடந்தவர்களை அரசு காட்டு வேலைக்கும், உப்பளத்துக்கும், பண்ணைகளுக்கும் வாடகை போல அனுப்பியது. வேலை கொடுத்தவர்கள் அரசுக்குப் பணம் கட்டினார்கள். தொழிலாளியின் கைக்கு வந்தது மிகச் சொற்பம். அப்படி சலான் தெ ஜிரோ உப்பளத்துக்கும் சுற்றுப்புறப் பண்ணைகளுக்கும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

இந்தோசீனாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்று போயிருந்தது. கமார்க்கில் நெல் அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் நிலத்தை உப்பு நீக்கத்தான் போடுவார்கள், விளைந்தால் மாட்டுத் தீவனம். மனிதர் சாப்பிடும் தரத்தில் நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் அந்த டெல்டாவில் யார் என்று பார்த்தால், முகாமில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த இவர்கள்தான். 1941, 42 முதல் நாற்றங்கால் போடுவது, வரப்பு கட்டுவது, நீர் மட்டம் பார்ப்பது, குனிந்து நடுவது எல்லாம் இவர்கள் கையால் நடந்தன. அவர்கள் பிறந்து வளர்ந்த ஊரில் அதுதான் வேலை. சூடு பிடிக்காத வசந்த காலத் தண்ணீரில், வெறுங்காலோடு, தங்களுக்குச் சொந்தமில்லாத நிலத்தில் நட்டார்கள்.

போர் முடிந்தும் உடனே அனுப்பவில்லை. அவர்கள் நாட்டிலேயே விடுதலைப் போர் தொடங்கிவிட்டது. கடைசிக் கூட்டம் ஊர் திரும்ப 1952 ஆகியது. ஆயிரம் பேர் அளவில் பிரான்சிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் போன பிறகு நடவுக்கு ஸ்பெயினின் வலென்சியா பகுதியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு களைக்கொல்லியும் நேரடி விதைப்பும் வந்து நடவே நின்று போனது. போருக்குப் பின் அமெரிக்காவின் மார்ஷல் திட்டப் பணமும் இறைப்பு நிலையங்களுக்கும் நிலம் மட்டப்படுத்தவும் கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் நெல் பரப்பு 30 ஆயிரம் ஹெக்டேரைத் தொட்டது.

கமார்க் அரிசி பிரபலமானது. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பியப் புவிசார் குறியீடும் பெற்றது. காட்டு நெல்லும் பயிர் நெல்லும் தானாகக் கலந்து உருவான சிவப்பு அரிசி ஒன்று இங்கே கண்டெடுக்கப்பட்டு, இன்று நல்ல விலைக்குப் போகிறது. பையின் மேல் வெள்ளைக் குதிரை, கறுத்த மாடு, பூநாரை எல்லாப் படமும் உண்டு. நட்டவர்களைப் பற்றி மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பேசவில்லை. பியேர் தோம் என்ற பத்திரிகையாளர் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப் பேட்டி கண்டு 2009இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஆர்ல் மேயர் அவர்களில் சிலரை அழைத்து மரியாதை செய்தார். அப்போது எல்லோரும் தொண்ணூறை நெருங்கியவர்கள். ஐந்து ஆண்டு கழித்துத்தான் இந்தச் சின்னம். வேலை கற்றுக் கொடுத்தவனுக்குப் பட்டம் கொடுக்கச் சுணங்குவது எல்லா நாட்டுக்கும் பொதுவான பழக்கம் போலும்.

கீழேயிருந்து வரும் கடல்

நினைவுச் சின்னத்தைத் தாண்டினால் உப்பளம். தட்டுத் தட்டாக இளஞ்சிவப்பு நீர், கரையில் வெண்மலை போல் குவித்த உப்பு. ஒரே டெல்டாவில் ஒருவர் உப்பை விளைவிக்கிறார், அடுத்தவர் உப்பை விரட்டுகிறார். ஒருவருக்குக் கடல் நீர் வேண்டும், இன்னொருவருக்கு ஆற்று நீர் வேண்டும். வெயில் மட்டும் பொது.

உப்புத் தொழிலும் சுருங்கிவிட்டது. 2008 முதல் நிறுவனம் கைவிட்ட சுமார் 6,500 ஹெக்டேர் உப்பளத்தைக் கடற்கரைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு வாங்கியது. அந்தப் பகுதியில் கடலோரக் கரையைப் பழுது பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அலை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. வரட்டும், அங்கே சதுப்பும் உமரியும் வளர்ந்தால் அதுவே பின்னாலிருக்கும் நிலத்துக்குத் தடுப்பு என்பது ஆய்வாளர்கள் கருத்து. பாட்டன் காலத்தில் கட்டிய கரையை உடைய விடுவதா என்பது ஊராரின் கோபம்.

கோபத்துக்கு அடியில் பயம் இருக்கிறது. கடல் மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. ரோன் ஆற்றில் மேலே கட்டிய அணைகள் வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டெல்டாவுக்குப் புது மண் வருவது குறைந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் குறையும் கோடையில் கடல் நீர் ஆற்றின் அடிப்பகுதி வழியே ஆப்பு போல மேல்நோக்கி ஏறுகிறது. மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்பு. 2022 கோடையில் வறட்சியால் ரோன் சுருங்கியபோது அந்த உப்பு ஆப்பு இறைப்பு நிலையங்கள் வரை வந்து விவசாயிகளைக் கலங்க வைத்தது. உப்பைக் கழுவத் தண்ணீர் இறைக்கிறோம். இறைக்கும் தண்ணீரே உப்பானால்?

இன்னொரு பக்கம் கணக்கு கட்டுப்படியாகவில்லை. நெல்லுக்கென்று தனியாகக் கிடைத்த ஐரோப்பிய ஒன்றிய மானியம் 2010களில் மாற்றி அமைக்கப்பட்ட பிறகு பரப்பு மளமளவென்று குறைந்தது. ஒரு காலத்தில் 20 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இப்போது 12 ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. இறக்குமதி அரிசி மலிவு. மின்சாரம், டீசல், விதை எல்லாம் ஏற்றம். நெல்லை விட்டுத் தண்ணீர் குறைந்த பயிருக்குப் போங்கள் என்று சொல்வது சுலபம். வேறு ஊரில் அது நல்ல யோசனையாகவே இருக்கும். இங்கே நெல்லை நிறுத்தினால் இரண்டு மூன்று கோடையில் கோதுமையும் நின்றுவிடும், பிறகு உமரிதான். நெல்லின் கணக்கில் அரிசியை மட்டும் எழுதினால் நட்டம்தான் வரும். அது கழுவித் தள்ளிய உப்புக்கு யார் விலை போடுவது என்பதுதான் அங்கே தீராத வழக்கு.

சலான் தெ ஜிரோவிலிருந்து சற்றுத் தள்ளி பர்கரான் படகுத் துறை. கார், டிராக்டர், மிதிவண்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பெரிய ரோனைச் சில நிமிடத்தில் கடந்துவிடும் தட்டைப் படகு. பதினைந்து நாளாகக் கரையோரம் பார்த்து வந்த ஆற்றின் நடுவில் நிற்பது சிலருக்கு இங்கேதான். தண்ணீர் பழுப்பாக, அவசரமில்லாமல் போகிறது.

எதிர்க்கரையில் போர் சேன் லூயி ஊர். துறைமுகத்தருகே சதுரமாக ஒரு கல் கோபுரம் நிற்கிறது. 1737இல் கட்டியது. கப்பல்களைக் கண்காணிக்க ஆற்று முகத்துவாரத்தில் கட்டினார்கள். இன்று கடல் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அத்தனையும் ரோன் கொண்டு வந்து சேர்த்த மண். அதே டெல்டாவின் தென்பகுதியில், ஃபராமான் என்ற இடத்தில், கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தைக் கடல் வந்து எடுத்துக்கொண்டது. ஒரு இடத்தில் கொடுத்ததை இன்னொரு இடத்தில் வசூலித்துவிடும்.

ஊரிலிருந்து இன்னும் எட்டு ஒன்பது கிலோமீட்டர். இருபுறமும் உவர் நிலம், உமரிச் செடி செப்டம்பரில் சிவக்கத் தொடங்கியிருக்கும். வலப்புறம் ஆறு, இடப்புறம் தூரத்தில் ஃபோஸ் துறைமுகத்தின் புகைபோக்கிகளும் எண்ணெய்த் தொட்டிகளும். சாலை மெல்ல மணலாகி, நெப்போலியன் கடற்கரையில் முடிந்துவிடுகிறது. இடுப்பளவு தண்ணீரில் பின்னோக்கி நடந்தபடி, கம்பி வலைக் கருவியால் மணலைக் கிளறிச் சின்ன மட்டி அள்ளும் ஆட்கள் சில நாள் தென்படுவார்கள். மிதிவண்டிக்காரர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் முன் சக்கரத்தை அலையில் நனைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சங்கிலியில் உப்பு நீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் சக்கரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அங்கே கடையோ விடுதியோ வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். தங்கவும், கார்தோ விரிகுடாவில் வளர்க்கும் சிப்பி சாப்பிடவும் போர் சேன் லூயிக்கே திரும்ப வேண்டும். காலையிலிருந்து முதுகில் தள்ளி வந்த காற்று இப்போது நேர் எதிரே வீசும். வரும்போது அரை மணி நேரத்தில் கடந்த தூரம், திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.